துவைக்காத சேலை

இல்லை அம்மா, சளி இல்லை. "ஏட்டி, தொண்டை என்ன கரகரங்குது?" என்று போனில் கேட்டாய், மழுப்பிவிட்டேன். உன் கால் வீக்கம் வடிந்ததா?

வெள்ளிக் கிரகத்தில் கந்தக வாயு வெயில் பட்டு, கொஞ்சம் நீராவியோடு சேர்ந்து அமிலத் துளியாகிறது. அங்கே மேகம் என்பது அதுதான். அதை இங்கே எங்கள் லேபில் ஓர் எஃகுக் கலத்துக்குள் செய்து பார்க்கிறோம். போன வாரம் அதன் குழாய் லேசாகக் கசிந்தது. அலாரம் அடிக்கவில்லை. எனக்கு மட்டும் தீக்குச்சி உரசிய வாடை வந்தது. மற்ற நான்கு பேரையும் வெளியே விரட்டினேன். அந்தப் புகைதான் தொண்டையில் பட்டது. டாக்டர் பார்த்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பேராசிரியர் கேட்டார். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிறவர் என்றேன். முதல்முறையாக வெளியில் சொன்னேன்.

படிக்கிற காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் விடுதிக்கு வேலைச் சேலையோடு வராதே என்று சொன்னவள் நான். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மாற்றிக்கொண்டு வந்தாய். விடுதி வாசலில் நின்று, "இப்ப வாடை வருதாட்டி?" என்று மெதுவாகக் கேட்டாய். நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வந்தது அம்மா. அந்த வாடைதான் ஐந்து பேரைக் காப்பாற்றியது.

அடுத்த பார்சலில் காரச்சேவோடு உன் வேலைச் சேலை ஒன்றை வை. துவைக்க வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள். புதுக் குழாய் மாட்டியாகிவிட்டது. கடிதத்தை ஒட்டிவிட்டு லேபுக்குப் போகிறேன்.

உன் விஜி