அருங்காட்சியகச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் பெண் குறித்து

அனுப்புநர்:
உரிமையாளர்,
புகைப்பட நிலையம் (மாடி),
பழைய தபால் நிலையத் தெரு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பாதுகாப்புத் துறை,
தலைமைச் செயலகம்.

பொருள்: போர் நினைவு அருங்காட்சியகத்தில் என் படத்தின் கீழ் எழுதப்பட்டுள்ள பொய்யை நீக்கக் கோரியும், என் மகளிடம் உண்மையைத் தெரிவிக்கக் கோரியும் – மனு.

பார்வை: அருங்காட்சியக இயக்குநரின் இரண்டு பதில் கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் மூன்றாவது மனு. முதல் இரண்டையும் இயக்குநர் அவர்களுக்கு மிகுந்த பணிவோடு எழுதினேன். பணிவுக்கு என்ன பலன் கிடைத்தது என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். ஆகவே இந்த மனுவில் அங்கங்கே குரல் உயர்ந்தால், தாளை ஓரமாக வைத்துவிடாமல் கடைசி வரி வரை படித்துவிட வேண்டுகிறேன்.

1. அருங்காட்சியகத்தின் மாடியில், ‘எதிரிக்குத் துணை போனவர்கள்’ என்ற அறையில், சன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. எதிரிப் படை அதிகாரி ஒருவன் முழுச் சீருடையில் நிற்கிறான். பக்கத்தில் ஒரு பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். ‘எதிரி அதிகாரியுடன் உல்லாசமாக இருக்கும் உள்ளூர்ப் பெண்’ என்று கீழே அழகாக அச்சிட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண் நான். படத்தை எடுத்தவளும் நான். அதை அரசாங்கத்திடம் கொண்டு சேர்த்தவளும் நான்தான்.

2. எங்கள் நகரம் எதிரியின் பிடியில் இருந்தபோது நான் தங்கள் துறைக்காக உளவு பார்த்தேன். தங்கள் கோப்பில் என் பெயர் ‘அத்தை’. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெயர் வைத்தவருக்கு என்ன குறும்போ, தெரியவில்லை. போரின் தொடக்கத்திலேயே என் கணவர் இறந்துவிட்டார். அவருடைய ஸ்டுடியோவை நான் எடுத்து நடத்தினேன். படம் கழுவும் மருந்தும் அச்சிடும் தாளும் ஸ்டுடியோக்களுக்கு விற்றுவந்த மருந்துக்காரர்தான் என்னை இந்த வேலையில் சேர்த்தார். செய்தி வாங்கிப் போனவரும் அவரே. தாள் மட்டம் என்று திருப்பி அனுப்பும் பெட்டியில், கறுப்பு உறைக்குள் படத்தை வைத்துக் கொடுப்பேன். வெளிச்சம் பட்டால் தாள் வீணாகிவிடும் என்று சொன்னால் சோதனைச் சாவடியில் எவனும் உறையைப் பிரிக்கமாட்டான்.

3. போர்முனைக்குப் போகும் சிப்பாய்கள், கிளம்பும் முன் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்வார்கள். புதிதாக முடி வெட்டிக்கொண்டு கும்பலாக வந்து நின்றால் அந்தப் பிரிவு நகரப் போகிறது என்று அர்த்தம். எந்தப் பிரிவு என்று தெரிய வேண்டுமே? தோளில் இருக்கும் சின்னம் எந்தப் படத்திலும் தெரியக் கூடாது என்பது அவர்கள் மேலிடத்து உத்தரவு. சிப்பாய்கள் அதைக் கழற்றிவிட்டு வருவார்கள். அதிகாரிகள் அப்படியில்லை. ‘கடை முகப்பில் வைக்க உங்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று ஒரு பெண் கேட்டுவிட்டால் போதும், சின்னமும் பதக்கமும் பளபளக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நிற்பார்கள். அச்சிடும்போது நான் மை தடவி மறைத்துவிடுவேன் என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவன் தோள் ஸ்டுடியோ விளக்கின் பக்கம் திரும்ப வேண்டுமானால் கையைப் பிடித்துத் திருப்பித்தான் ஆக வேண்டும். காமிராவின் தானியங்கிப் பொத்தானை முடுக்கிவிட்டு ஓடி வந்து பிடிப்பேன். “நல்லா சிரிங்க அத்தை. நீங்க சிரிச்சாத்தான் அவன் அசையாம நிப்பான்” என்று மருந்துக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். சிரித்தேன். தங்கள் நிபுணர்கள் உல்லாசம் என்று எழுதியிருப்பது இந்தச் சிரிப்பைத்தான்.

4. இதற்கு ஆதாரம் கேட்பீர்கள். ஆதாரம் தங்கள் சுவரிலேயே தொங்குகிறது. அந்த அதிகாரிக்கு நான் கொடுத்த பிரதியிலும் கடை முகப்பில் வைத்த பிரதியிலும் சின்னம் மறைக்கப்பட்டிருந்தது. சின்னம் தெளிவாகத் தெரியும்படி அச்சிட்டது ஒன்றே ஒன்று; அது மருந்துக்காரரோடு தங்கள் துறைக்கு வந்தது. நெகட்டிவை அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். இப்போது சுவரில் இருக்கும் படத்தில் சின்னம் பளிச்சென்று தெரிகிறது. தங்கள் அலமாரியைத் தவிர அது வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்? உயிரைப் பணயம் வைத்து உங்களுக்கு நான் அனுப்பியதை எடுத்து, என் முகத்திலேயே கரி பூசியிருக்கிறீர்கள்.

5. அந்தச் சின்னம் ஒரு பீரங்கிப் பிரிவினுடையது. அதைப் பார்த்துத்தான் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நம் மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். “அக்கரையில வீடு ஒண்ணும் மிஞ்சல. ஆனா ஒரு உசிருகூட போகல அத்தை” என்று சொல்லும்போது மருந்துக்காரர் அழுதார். போர் முடியும் முன்னே எதிரிகள் அவரைப் பிடித்துச் சுட்டுவிட்டார்கள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெற்றி வந்ததும் அதே அக்கரைக்காரர்கள் பாலத்தைக் கடந்து வந்து, துரோகி என்று கத்தி, என் ஸ்டுடியோக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், அவர்களுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லையே.

6. போர் முடிந்ததும் தங்கள் அலுவலகத்துக்கு ஓடினேன். உயிர் இருக்கும்வரை வாய் திறக்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். “கொஞ்ச காலம் பொறுத்துக்கோங்கம்மா, அரசாங்கமே எல்லாருக்கும் சொல்லும்” என்றார் ஓர் அதிகாரி. இருபது வருடங்களாகப் பொறுத்திருக்கிறேன். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பது தங்கள் துறையின் கொள்கை என்று அன்றே சொல்லியிருந்தால் நானும் என் வழியைப் பார்த்திருப்பேன்.

7. எனக்கு ஒரே மகள். போர்க்காலத்தில் அவளை என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். பிடிபட்டால் நான் மட்டும் சாகட்டும் என்பதற்காக. ஊரோ, கூத்தடிக்க இடைஞ்சலாக இருக்கும் என்று குழந்தையைத் துரத்திவிட்டதாகப் பேசியது. போர் முடிந்து வந்தவளிடம், வயிற்றுப் பிழைப்புக்காகப் படம் எடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பினாள். என்னைப் பற்றிப் பேசியவர்களோடு தெருவில் நின்று சண்டை போட்டாள். இன்று அவள் சரித்திர ஆசிரியை.

8. ஆறு மாதங்களுக்கு முன் தன் வகுப்பை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அந்தப் படத்தின் முன்னால் ஒரு மாணவி, “டீச்சர், இந்தம்மா உங்கள மாதிரியே சிரிக்கிறாங்க” என்றாளாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மகள் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, “படம் எடுத்தேன்னுதானே சொன்னே? அவன் கையைப் பிடிச்சு நின்னேன்னு சொல்லலையே. இதுக்குத்தான் என்னைப் பெரியம்மா வீட்டுல விட்டியா?” என்று கேட்டாள். தங்களுக்குப் போட்ட கையெழுத்தை நினைத்து, உள்ளே வந்து சாப்பிடு என்று மட்டும் சொன்னேன். இப்போது ஆசிரியைகள் விடுதியில் தங்கியிருக்கிறாள். என்னை எதிரில் கண்டால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறாள். கல்லடியைத் தாங்கியவளால் இதைத் தாங்க முடியவில்லை ஐயா.

9. என் முதல் மனுவுக்கு, வாசகம் அறிஞர் குழுவால் எழுதப்பட்டது, மாற்ற இயலாது என்று பதில் வந்தது. படம் எப்படி வந்தது என்று அந்தக் குழுவைக் கேட்கச் சொல்லி இரண்டாவது மனு எழுதினேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: ‘மேற்படி படத்தை அளித்த உளவாளியின் பாதுகாப்பைக் கருதி, அவரைப் பற்றிய விவரங்களை வெளியிட இயலாது.’ என்னிடமிருந்தே என்னைப் பாதுகாக்கிறீர்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பூசணிக்காயின் நன்மைக்காகச் செய்வதாகச் சொன்னவர்கள் நீங்கள்தான்.

10. ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வாசகத்தைக் கிழித்தெறியுங்கள். படம் இருக்கட்டும், வெளிச்சம் சரியாக விழுந்த நல்ல படம். தங்கள் துறையின் பொறுப்பான அதிகாரி ஒருவர் பட்டப்பகலில் என் மகளின் பள்ளிக்குப் போய், மற்ற ஆசிரியைகளும் கேட்கும்படி, அவள் அம்மா போரில் என்ன வேலை பார்த்தாள் என்று சொல்லட்டும். மாலையோ பதக்கமோ எனக்கு வேண்டாம். பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். நான் எழுதப் போவதில்லை.

11. வாய் திறந்தால் சிறை என்று கையெழுத்திட்ட தாளில் இருந்தது. மறக்கவில்லை. இந்த மனுவின் நகலை நேற்றே என் மகளுக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். இது தங்கள் மேசைக்கு வரும்போது அவள் படித்து முடித்திருப்பாள். என்னைக் கைது செய்ய ஆள் அனுப்புவதானால், காலையில் அனுப்புங்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். போர்க்காலத்தில் அரசாங்கத்துக்காக உளவு பார்த்த உண்மையை வெளியே சொன்ன குற்றத்துக்காக இவளைக் கைது செய்கிறோம் என்று, அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் கேட்கும்படி, வருகிறவர் உரக்கப் படிக்கட்டும். கைகளை நானே நீட்டுகிறேன்.

இடம்: பழைய தபால் நிலையத் தெரு
நாள்: செவ்வாய்க்கிழமை

உண்மையுடன்,
(கையொப்பம்)
புகைப்பட நிலைய உரிமையாளர்

நகல்: சரித்திர ஆசிரியை, பெண்கள் உயர்நிலைப் பள்ளி – என் மகள்.