நியூட்ரலில் இறங்குகிறவர்கள்

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஜீப் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன், முப்பத்தாறு வயதில். கொல்லிமலை மிளகுத் தோட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த டிரைவர் நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் சந்தோஷால் கோழிப் பண்ணையை விட்டு அடிக்கடி நகர முடியாது. "இனிமேப் பாதி நாளு நீதான் மேல போய்ட்டு வரோணும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். காட்டிக்கொள்ளவில்லை.

வண்டியில் ஏறியதும் ஒரு கோழி முட்டையை பாலித்தீன் பையில் போட்டு, ஆக்சிலரேட்டர் மிதியின் மேல் ரப்பர் பேண்டால் கட்டினார். காலுக்கடியில் முட்டை இருப்பதாக நினைத்து மிதி என்று லாரிக்காரர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். என் மாமனார் ராசப்பன் பேச்சோடு விடுகிறவர் இல்லை. லாரி வைத்திருந்த காலத்தில் புது டிரைவர்களுக்கெல்லாம் நிஜ முட்டையே கட்டினாராம். மகனுக்கும் கட்டினார். டீசலை மிச்சம் பிடிக்கிற கால்தான் இந்த வீட்டில் நல்ல கால். மற்றதெல்லாம் ஊனம்.

பண்ணைக்குப் பின்னால் இருக்கும் மண் தடத்தைத் தாண்டுவதற்குள் முட்டை உடைந்துவிட்டது. சந்தோஷ் கையிலிருந்த ஸ்பேனரால் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். தட்டு என்றா எழுதினேன்? அடி. பின் சீட்டிலிருந்த என் மகள் நிலா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பத்து வயதுக்கு அப்படித்தான் தோன்றும். கண்ணாடியில் என் முகம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு முட்டை. இரண்டு அடி.

ஜூன் 10

முழங்கால் வீங்கிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் கேட்டவர்களிடம் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன். எங்கள் பக்கம் எல்லாப் பெண்களுக்கும் குளியலறை வழுக்கத்தான் செய்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மலைக்குக் கூட்டிப்போனார். தோட்டத்துக்குப் போகும் கடைசித் தூரம் தார் பார்க்காத பாதை. சேறும் உருண்டைக் கல்லும்தான். அங்கே என்னை ஓட்ட வைத்தார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், சந்தோஷுக்கு இந்த வித்தை தெரியும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, நான்கு சக்கரமும் இழுக்கும்படி 'லோ'வில் போட்டு, முதல் கியரில் காலை எடுத்துவிட்டால் வண்டி எருமை மாதிரி தானாக நடந்து ஏறுகிறது. கிளட்சைத் தொடவே வேண்டியதில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் வெரசா ஏறுனா என்னங்க?"

"வண்டி அலறக் கூடாது புள்ள. அலறுச்சுன்னா நீ கல்லு மேல ஏத்தல, டீசல ஊத்திக் கழுவற."

எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் அவர் எனக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்தது இது ஒன்றுதான். அந்த மயக்கத்தில் ஒரு வழுக்குப் பாறையில் சக்கரத்தைச் சுழலவிட்டேன். பின்மண்டையில் கை விழுந்தது. நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. "சக்கரம் சுத்தக் கூடாது" என்றார், அதே பொறுமையோடு.

கத்தியாவது தொலைத்திருக்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

உதடு கிழிந்திருக்கிறது. காப்பி குடிக்க முடியவில்லை.

மூன்று பேரும் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சோளக்காடு தாண்டியதும் சந்தோஷ் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டார். இது அவர்கள் குடும்பப் பழக்கம். இறக்கத்தில் வண்டி சும்மா உருளும்போது எஞ்சினுக்கு எதற்குத் தீனி என்பார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவும் பிரேக்கிலேயே இறங்குவது. மாமனார் லாரியின் எஞ்சினையே அணைத்து உருட்டுவாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிய பெருமை.

பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் தீய்ந்த நாற்றம். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. சந்தோஷ் மிதித்தார், வண்டி யோசித்து யோசித்து நின்றது. "கியர்ல போடுங்க, புள்ள இருக்கறா" என்றேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது புறங்கையால் என் வாயில் அடித்தார். மோதிரம் பட்டது.

நிலா பின்னாலிருந்து தன் பள்ளிக்கூடக் கைக்குட்டையை நீட்டினாள்.

வீட்டில் மாமா டேஷ்போர்டில் மைலேஜைப் பார்த்துவிட்டு மகன் முதுகில் தட்டினார். என் உதட்டையும் பார்த்தார். "வாயக் கொஞ்சம் அடக்கோணும் சாமி" என்றார். எனக்குத்தான்.

ஜூன் 23

என்னை அடிப்பது இருக்கட்டும். அது பழைய கதை. நிலா அந்த இறக்கத்தில் அந்த வண்டியில் இனி உட்காரக் கூடாது. வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

ஆனால் அவளில்லாமல் அவர் மலையேற மாட்டார். மகள் பக்கத்தில் இருந்தால் மிளகுக்கு நல்ல யோகமாம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று தனியாகப் போய்வந்தேன். சந்தோஷ் பண்ணையில் தடுப்பூசி வேலையில் மாட்டிக்கொண்டார்.

வரும்போது இரண்டாம் கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டு இறங்கினேன். எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது, பிரேக்குக்கு வேலையே இல்லை. அப்போதுதான் கவனித்தேன். அந்தந்த நொடிக்கு வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று டேஷ்போர்டில் ஒரு கோடு காட்டுமே, அதைக் காணோம். துடைத்துவிட்ட மாதிரி பூஜ்யம். நேரான ஒரு இடத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தேன், கோடு எட்டிப் பார்த்தது. மறுபடி கியர், பூஜ்யம். மறுபடி நியூட்ரல், கோடு.

சக்கரமே எஞ்சினைச் சுற்றும்போது இந்த வண்டி டீசலைத் தொடுவதில்லை. நியூட்ரலில் விட்டால்தான் அணையாமல் இருப்பதற்குக் குடிக்கிறது. அப்பனும் மகனும் மிச்சம் பிடிக்கிறேன் என்று பிள்ளையை வைத்துக்கொண்டு உயிரைப் பணயம் வைத்தது, சொட்டுச் சொட்டாக வீணாக்குவதற்குத்தானா?

சிரித்தேன். தனியாக, சத்தமாக, காரவள்ளி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். இதைச் சொன்னால் போதும், நியூட்ரல் போய்விடும். டீசலுக்காக எதையும் மாற்றிக்கொள்கிற ஆள்தானே.

ஜூலை 7

சொன்னேன். காலைச் சாப்பாட்டில், மாமா எதிரில். அதுதான் நான் செய்த தப்பு. தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "எம் பையன் தப்பா ஓட்டறானுங்கறயா? இல்ல நாந் தப்பாக் கத்துக்குடுத்தனா?" அவ்வளவுதான் கேட்டார். பிறகு மகனைப் பார்த்தார்.

சந்தோஷ் தட்டோடு என் முகத்தில் எறிந்தான். முடியைப் பிடித்து வாசல் வரை இழுத்து, ஜீப்பின் பானெட்டில் என் தலையை வைத்து அழுத்தினான். வெயிலில் கிடந்த தகரம். "எங்க, இப்பச் சொல்லு. கோடு தெரியுதா? கோடு எங்க தெரியுது?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு இடி. மாமா கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

'அவன்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். இனி இங்கே அவன்தான்.

ஜூலை 9

காது ஒன்று சரியாகக் கேக்கல. இடது காது. எதுக்குடா வாயத் தொறந்தோம்னு நெனச்சுப் படுத்திருந்தேன். நிலா வந்து கேக்கறா, "அம்மா, எந்தக் காதுல பேசட்டும்?"

ஜூலை 28

லைசென்ஸ் வந்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் மலைக்குப் போகிறோமாம். இறங்கும்போது நிலா முன்னால் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வர வேண்டுமாம். "உங்கம்மா பொய்யி சொல்றாளா, நாஞ் சொல்றனான்னு நீயே பாரு சாமி" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். 

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுதி முடித்துவிட வேண்டும்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டோம். கூட்டம் என்றால் கூட்டம். சோளக்காட்டில் வண்டி நின்றபோது நிலாவை இழுத்துக்கொண்டு இறங்கினேன். "நாங்க பஸ்ல வாரோம்" என்றேன்.

"புள்ளைய ஏத்து."

"ஏத்த மாட்டனுங்க."

பலாப்பழக் கடைகளுக்கு நடுவே, அத்தனை பேர் பார்க்க அடித்தான். கன்னத்தில், பிறகு வயிற்றில் முழங்காலால். கீழே விழுந்தும் நிலாவின் கையை விடவில்லை. அவளுடைய மறு கையை அவன் பிடித்து இழுத்தான். குழந்தை கயிறு மாதிரி நடுவில் நின்றாள். பழக்கடை ராசாத்தியக்கா, எங்களுக்குத் தெரிந்தவர்தான், பலா அறுக்கிற கத்தியோடு எழுந்து வந்தார். ஓங்கவில்லை. சும்மா பிடித்திருந்தார். "புள்ள பஸ்ல வரட்டும் தம்பி. நீங்க போங்க" என்றார். சந்தோஷ் கையை விட்டான். "ஊட்டுக்கு வாடி" என்று சொல்லிவிட்டு ஏறினான். போகும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நியூட்ரல்.

எங்கள் பஸ் பாதி மலையில் நின்றது. முன்னால் கூட்டம். நான் இறங்கி ஓடினேன்.

ஜீப் கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு கீழே ஒரு மரத்தில் பக்கவாட்டாகச் செருகிக் கிடந்தது. அவனை நான் முதலில் பார்க்கவில்லை. நிலா உட்கார்ந்திருக்க வேண்டிய இடப்பக்க முன் சீட்டைத்தான் பார்த்தேன். சீட்டே இல்லை. அந்த இடத்தில் மரம் இருந்தது.

அப்புறம் அவன். ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில், இடுப்புக்குக் கீழே நசுங்கி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. "பிரேக் புடிக்கல புள்ள" என்றான்.

நான் அவனை அடித்தேன். ரத்தம் வழிகிற முகத்தில், திரும்பத் திரும்ப, இரண்டு கையாலும். எம் புள்ள எம் புள்ளன்னு கத்தினேன். துக்கத்தில் அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்து யாரோ ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்துத் தலையைத் தடவினார்கள். துக்கமே இல்லை. சாகட்டும் என்றுதான் அடித்தேன்.

சாகவில்லை.

ஆகஸ்ட் 6

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி. இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். மாமா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார். "பிரேக்கு மோசம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். என்னைப் பார்த்தால் மட்டும் அந்த வாக்கியத்தை முடிப்பதில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நடக்க வாக்கர் வேண்டும், குனிய ஆள் வேண்டும். நான்தான் ஆள். ஜீப்பையும் தட்டி நிமிர்த்திக் கொண்டுவந்துவிட்டார்கள். பண்ணை, தோட்டம் இரண்டையும் நான் பார்க்கிறேன். நேற்று சோறு சூடாக இல்லை என்று கையை ஓங்கினான். நான் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றேன். கை எட்டவில்லை. இவ்வளவு எளிதா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

மிளகுக் கொடியை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சந்தோஷ் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்று கூட்டிப்போனேன். இடப்பக்கம் அவனைத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். நிலா பின்னால். வண்டி என் கையில் இருந்ததால் அவளை ஏற்றினேன்.

ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது இரண்டாம் கியரில், காலை எடுத்துவிட்டுப் பொறுமையாகத்தான் வந்தேன். சுவர் இடிந்திருந்த அந்த வளைவு நெருங்கியதும் அவன் முன்னால் இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "மெதுவாப் போ புள்ள" என்றான். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவன் பயப்படுவதை இத்தனை பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

எஞ்சின் அலறியது. அடுத்த வளைவில் டயர் கீச்சிட்டது, அவன் உடம்பு கதவில் மோதியது. இடுப்புக் கம்பி வலித்திருக்கும். "வேண்டாஞ் சாமி, வேண்டாஞ் சாமி" என்று கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு இனித்தது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது, கற்கண்டு மாதிரி இனித்தது. மறுபடியும் மிதித்தேன்.

பின்னாலிருந்து நிலா சொன்னாள், "இன்னுங் கொஞ்சம் மிதிம்மா."

கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. அப்பனின் கழுத்தையே பார்த்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

காலை எடுத்தேன். ஓரமாக இடம் இருந்த வளைவில் நிறுத்தி, கியரிலேயே விட்டு, கைப் பிரேக்கை இழுத்தேன். இறங்கிப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். முன்னால் சந்தோஷ் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "போலாமாம்மா?" என்றாள்.

"எங் கால் அடங்கட்டும் சாமி" என்றேன். "அப்பறம் போலாம்."