மூன்றாம் முறை வந்த கட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

மார்பில் சீழ்க்கட்டி வந்ததைச் சொல்லியிருந்தேன் அல்லவா? மருந்துக்கு அடங்கிய மாதிரி அடங்கி, மூன்றாம் முறையும் கிளம்பிவிட்டது. டாக்டர் சிறிது சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அது நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. ஊரார் சதையையெல்லாம் மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிற நான், அன்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். கூட வேலை பார்க்கும் தோழிதான் சீவினாள்.

எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரிய டாக்டர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"கேன்சர் இல்லம்மா. பால் குழாயோட உள்பக்கம் தோல் மாதிரி மாறிப்போச்சு. அது உதிர்ந்து உதிர்ந்து குழாயை அடைக்குது. அதான் திரும்பத் திரும்ப சீழ் வைக்குது."

"தோலுக்கு அங்க என்ன சார் வேலை?" என்றேன். சிரித்துவிட்டார். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். பயத்தில் இல்லை, பயம் விட்டதில்.

நேற்று அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். சின்னக் கட்டுதான். கையை உயர்த்தத்தான் முடியவில்லை. முன்பக்கம் பித்தான் வைத்த தொளதொளச் சட்டை இரண்டு தைத்து அனுப்பு. தலைபின்ன வழியிருக்காது என்று முன்னாடியே முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டேன், திட்டாதே.

கட்டு மாற்ற நர்ஸ் வந்துவிட்டார். "கூட யாரும்மா இருக்காங்க?" என்று கேட்கிறார். இந்தக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே, அம்மா என்று சொல்லிவிட்டேன்.

உன் மகள்