முத்திரை விழுந்த மரம்

சாரம், புதுச்சேரி
4.6.2006

அன்புள்ள ஸைத் அண்ணனுக்கு, தங்கை கனீஸ் பாத்திமாவின் ஸலாம்.

துபாய் வெயிலில் உடம்பைக் காயப்போடாதீர்கள். மகள் இஃப்ஃபத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சரி சொல்லிவிட்டார்கள். தாய்மாமன் நீங்கள் வந்துதான் தேதி குறிக்க வேண்டும்.

நீங்கள் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய வட்டியில்லா நிதியில் இவர் தேக்கு வாங்கி மரவாடியில் அடுக்கிவிட்டார். உழவர்கரையில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் வெற்றிச்செல்வன் தவணைக்குக் கேட்டு, கட்டைகளில் தன் சுத்தியலால் முத்திரை அடித்துப் போயிருக்கிறார். வாடியில் முத்திரை விழுந்தால் மரம் அடித்தவனுடையது. உங்களுக்குத் தெரியாததா?

தங்கை கனீஸ்

துபாய்
15.6.2006

அன்புத் தங்கைக்கு அண்ணனின் துஆ.

இஃப்ஃபத் செய்தி படித்துக் கண் கலங்கிவிட்டது. வளையல் என் செலவு.

யாகூப் மச்சானிடம் ஒன்று சொல். நிதியின் விதிப்படி, தவணைப் பத்திரம் கையெழுத்தாகாத மரம் இன்னும் நிதிக்குத்தான் சொந்தம். சுத்தியல் அடிப்பதெல்லாம் வெறும் வாடிப் பழக்கம், அது செல்லாது. லாஸ்பேட்டைக்காரர் ஒருவர் கூடுதல் விலை தருகிறார். அவருக்கே ஏற்றிவிடட்டும்.

அண்ணன் ஸைத்

புதுச்சேரி
28.6.2006

அண்ணே,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தன் முத்திரை விழுந்த கட்டைகள் லாரியில் ஏறுவதைக் கண்டு வெற்றிச்செல்வன் ஆட்களோடு பாய்ந்துவிட்டார். டிரைவர் மண்டையைப் பிளந்தார்கள். இவர் குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறார். கோடரி வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. கை தோலில் தொங்கியதாம். டாக்டர் எடுத்துவிட்டார்.

நான் வெற்றிச்செல்வனைச் சபித்தேன். இவர் கண் திறந்து சொன்னது இதுதான்: “அவன் மரத்தத்தான நாம தூக்குனோம் கனீஸ்.”

கனீஸ்

துபாய்
9.7.2006

தங்கச்சி,

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நிதிக்கு மார்க்கம் சொல்லும் ஹஜ்ரத்திடம் கேட்டேன். மார்க்கத்துக்கு முரணில்லாத வியாபார வழக்கம், எழுதிய நிபந்தனைக்குச் சமமாம். முத்திரை செல்லுமாம். மரம் வெற்றிச்செல்வனுக்கே போகட்டும். கல்யாணச் செலவு முழுக்க என்னுடையது. டிக்கெட் போட்டுவிட்டேன்.

உன் அண்ணன்

சாரம்
21.7.2006

மரியாதைக்குரிய ஸைத் அவர்களுக்கு,

கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். மரத்தை ஏற்றச் சொல்லும் முன்பே நீங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கலாம்.

நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்துப் போட இவர் இடது கையைப் பழக்குகிறார். இஃப்ஃபத் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொள்கிறாள்.

தாய்மாமன் வந்து நிற்பது நம் வழக்கம்தான். வழக்கம் செல்லாது என்று முதலில் எழுதியவர் நீங்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

யாகூப் மனைவி
கனீஸ் பாத்திமா