வேன் நிற்கும் மேட்டில் ஒப்பாரி

வெம்பக்கோட்டை,
ஆகஸ்ட் 2006

அன்புள்ள ஜெபராணிக்கு,

செல்வி எழுதுவது. நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் வீட்டுக்காரரும் மகள் ரோஜாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

பட்டாசு ஆலை வெடி விபத்தைப் பேப்பரிலும் பார்த்திருப்பாய். என் நாத்தனார் அய்யம்மாள் அதில் போய்விட்டதைப் போனில் சொன்னேன். தையில் அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம். எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீட்டில் சாவு. எதிர்வீட்டு இருளம்மாள் அக்காவின் மகன் சோலைமலையும் போய்விட்டான், அய்யம்மாளோடு ஒரே வேனில் வேலைக்குப் போனவன்தான்.

என் பயமெல்லாம் மாமியாரைப் பற்றி. ஆவுடைத்தாய் அத்தையை உனக்குத் தெரியும், என் கல்யாணப் பந்தியில் நீ போதும் போதும் என்னும்போதே பாயசம் ஊற்றியவர். ஊரில் யார் செத்தாலும் முதல் ஒப்பாரி அவருடையது. மகளைப் பொட்டலமாகக் கொண்டுவந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கஞ்சியும் இறங்கவில்லை. அழ வைக்காவிட்டால் ஆளே போய்விடுவார் என்றார் டாக்டர்.

எப்படி அழ வைப்பது? தனியாக ஒப்பாரி வைக்க முடியாது, தோளைக் கட்டிக்கொள்ள இன்னொருத்தி வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் கருமாதி முடியும்வரை இன்னொரு துட்டி வீட்டு வாசலை மிதிப்பதில்லை, அது எங்கள் முறை. மற்ற வீட்டுப் பெண்கள் வந்தார்கள். தங்கள் பிள்ளைகள் தப்பித்த கூச்சத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் ஹாஸ்டலில் நீ சத்தமாகப் படிக்கும் பழைய ஏற்பாடு நினைவுக்கு வந்தது. ஊரே அழிந்தபோது, புலம்பத் தெரிந்த பெண்களைக் கூப்பிடுங்கள் என்று எரேமியாவிடம் உங்கள் கடவுளே சொல்வாரே. ஒப்பாரிக்கு ஆள் தேடுகிற சாமியா என்று நான் சிரித்ததில் நீ கோபித்துக்கொண்டாய். சனங்கள் சாக்கு உடுத்தித் தெருக்களில் அழுவார்கள் என்றும் படிப்பாய். வீட்டுக்குள் அல்ல, தெருவில். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தெரு யாருடைய வாசலும் இல்லையே!

ரோஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்று நான்கு வீட்டையும் கூப்பிட்டேன். காலேசு படிச்ச புள்ள துட்டிக்கும் மீட்டிங் போடுதாக்கும் என்றார் எங்கள் தெரு சோணைமுத்து மாமா. ஆமா மாமா, நீங்களும் வாங்க என்றேன்.

விடிகாலையில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் தூக்குவாளியோடு கம்பெனி வேனுக்கு நிற்கும் மேட்டில் அத்தையை உட்கார வைத்தேன். மகளைச் சொல்லி அழுவார் என்று நினைத்தேன். அவர் இருளம்மாள் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சோலைமலையின் பெயரைச் சொல்லிக் குரல் எடுத்தார். வெள்ளி நிறப் பட்டாசு மருந்து படிந்த அவன் கையை, வேனுக்குப் பின்னாலேயே அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பாடினார். அக்கா எங்கள் அய்யம்மாளைச் சொல்லி அழுதார். தன் பிள்ளைக்கு வராத அழுகை அடுத்தவள் பிள்ளைக்கு வந்தது. மீட்டிங் என்று கேலி செய்த மாமா துண்டை வாயில் திணித்துக்கொண்டு தேம்பினார். முடிந்ததும் அத்தை தண்ணீர் கேட்டார். இன்று அரை டம்ளர் கஞ்சி குடித்தார்.

என் வீட்டுக்காரர் மட்டும் வெளியே வரவில்லை. கூடப் பிறந்தவளுக்கு இன்னும் அழவில்லை. அவர் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி திங்கட்கிழமை திறக்கிறது. தீபாவளி ஆர்டராம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. வேன் ஹாரன் கேட்டால் ரோஜா இப்போதும் ஓடிப்போய் டாட்டா காட்டுகிறாள்.

ஜெபா, போனில் அழாதே என்றாய். அதைத் திரும்ப எடுத்துக்கொள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வா. ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார். உன் பிள்ளையின் பெயரை எந்தத் தெருவும் ஒப்பாரி ராகத்தில் அழைக்காதிருக்கட்டும். அதையே ரோஜாவின் அப்பாவுக்கும் சேர்த்து உன் ஜெபத்தில் கேள்.

உன் வருகையைப் பார்த்திருக்கும்,
பாண்டிச்செல்வி