லோடர் கை ஏறாத மூன்று வாரம்

பீர்மேடு,
15.11.1977

அன்பு மகன் பேச்சிமுத்துவுக்கு அப்பா குருசாமி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, நீயும் அந்தக் குவைத்து வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க சாஸ்தா துணை இருக்கட்டும். உன் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, வெளியே போனால் மழை. இதையே இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், பேப்பர் என்ன மரத்திலா காய்க்கிறது என்று உன் அம்மா சத்தம் போடுகிறாள். உன் தங்கைக்கு இது ஏழாம் மாசம், தை பிறந்ததும் இங்கே கூட்டி வந்துவிடுவோம், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

லோடர் விஷயம்தான் எழுத வேண்டும். நீ போன பிறகு எஸ்டேட்டுக்கு வந்த வண்டி, நீ பார்த்ததில்லை, முன்னால் இரண்டு இரும்புக் கை, கை நுனியில் மண் அள்ளும் பக்கெட், எல்லாம் எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும். நானும் உன் சுவக்கீன் மாமாவும்தான் மாறி மாறி ஓட்டுகிறோம். ஆயுத பூஜை கழிந்த மறுநாள் கீழ் டிவிஷன் ரோட்டில் மண் சரிந்தது, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பக்கெட் இடுப்பு உயரத்துக்கு விறுவிறுவென்று ஏறுகிறது, அதற்கு மேல் கிழவன் மலை ஏறுகிற மாதிரி முக்கி முனகுகிறது, பம்ப் வேறு ஊளையிடுகிறது. பில்டர் மாற்றினேன், ஓஸ் எல்லாம் முறுக்கினேன், எண்ணெய் அளவு தினமும் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே இதே மாதிரி வண்டிகளில் வேலை பார்க்கிற உனக்கு எழுதிக் கேட்டேன். உன் பதில் வருவதற்குள் இங்கே கெட்டது நடந்துவிட்டது, அதை நடத்தியவன் உன் அப்பன்தான்.

ரோடு அடைத்துக் கிடக்க, கீழ் லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் அரிசி மண்ணெண்ணெய் எல்லாம் தலையில் சுமந்து சேற்றில் இறங்குகிறார்கள், எஸ்டேட் துரைக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, பதினெட்டு வருஷ ஆபரேட்டருக்கு ஒரு வண்டி சரிசெய்யத் தெரியாதா என்று கேட்டார். எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய்தான் சரியில்லை போலிருக்கிறது, எண்ணெய் ரூம் சாவி சுவக்கீனிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். திருடினான் என்று நான் சொல்லவில்லை, பேச்சிமுத்து. சாவி அவனிடம் இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். ஆனால் என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கும் தெரியும், நின்றவர்களுக்கும் தெரியும். நல்ல எண்ணெயை விற்றுவிட்டுக் ஓடித் தேய்ந்த கரி எண்ணெய் கலந்தான் என்று பேச்சு ஆகி, அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்தி, மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான். தீபாவளிக்கு வருஷா வருஷம் நம் வீட்டு முதல் தட்டு அவன் வீட்டுக்குத்தானே போகும், இந்த வருஷம் போகக் கூடாது என்று நான் வீறாப்பாகச் சொல்லியும் உன் அம்மா கொண்டுபோனாள். அதிரசம் ஒன்றுகூடக் குறையாமல் தட்டு திரும்பி வந்தது. அதை அப்படியே என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள் உன் அம்மா.

பார்க்க வேண்டியவை என்று நீ எழுதிய வரிசையில் கடைசியாக ஒன்று இருந்தது. டேங்க் மூடியில் காற்றுத் துளை இருக்கும், அது அடைத்தால் பம்ப் எண்ணெயை இழுக்க முடியாது, பக்கெட்டை மேலே தூக்கி, கைக்குக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள் என்று. நான் எப்போதும் பக்கெட்டைக் கீழே இறக்கிவைத்துத்தான் திறப்பேன், அளவு பார்க்க அதுதான் முறை, ஆனால் அப்போது எண்ணெய் டேங்குக்குத் திரும்பிவிடுவதால் இழுப்பு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே ஷெட்டுக்குப் போனேன். முட்டுக் கொடுத்து மூடியைத் தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது பார். மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். காற்றுத் துளை இருக்கிற நட்டநடுவில், நெற்றியில் வைக்கிற மாதிரி, சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகிக் கிடந்தது. ஆயுத பூஜையன்று என் கையால் நான் வைத்த பொட்டு. கம்பியால் குத்தி எடுத்து மூடியைப் போட்டேன், பக்கெட் ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறியது. ஐயோ சாமி என்று மூடியை மறுபடி கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

நேரே சுவக்கீன் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்புதான், நாளைக்கே துரையிடம் சொல்கிறேன் என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. மூடியைப் பார்த்துவிட்டு, தெனமும் வண்டியத் தொடைக்கையில அதையும் தொடச்சிருப்பேன் அண்ணாச்சி, ஒங்க சாமிக்கு வச்சதாச்சே, நம்ம கை படக் கூடாதுன்னுல்லா விட்டுட்டேன் என்றான். நான் மூடியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே திரும்பி நடந்துவிட்டேன்.

நேற்று துரையிடம் போய், மஸ்டரிலேயே, எல்லோர் முன்னாலும் சொன்னேன். என்னை நிறுத்துவார், குறைந்தது சஸ்பெண்டாவது செய்வார் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், கணக்குப்பிள்ளையும் சிரித்தான். சுவக்கீனுக்கு வேலையும் வீடும் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டார், எனக்கு ஒரு தண்டனையும் இல்லை. இன்று காலை அவன் வந்தான். இருவருமாகச் சேர்ந்து மதியத்துக்குள் ரோட்டைத் திறந்துவிட்டோம், ஜீப் கீழே போய்விட்டது. துரை திருப்பிக் கொடுத்த எண்ணெய் ரூம் சாவியை என் கையில் வைத்துவிட்டு, இனிமே இது ஒங்ககிட்டயே இருக்கட்டும் ஆபரேட்டர் சார் என்றான். பதினோரு வருஷமாக அண்ணாச்சி என்று கூப்பிட்டவன்.

உனக்கு மனசு கேட்காது, எனக்குத் தெரியும். மாமா, அப்பாவை மன்னித்துவிடுங்கள் என்று அவனுக்குத் தனியாகக் கடிதம் போடலாம் என்று நினைப்பாய். போடாதே. நீ கேட்டால் உனக்காக அவன் சரி என்றுவிடுவான், அது எனக்கு வேண்டாம். அவன் வீட்டு வாசலுக்கு எத்தனை நாள் நடக்க வேண்டுமோ அத்தனை நாளும் நான் நடந்துகொள்கிறேன்.

குளித்த ஈரத்தோடு ஏசி ரூமுக்குள் போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், அங்கே வருகிற ஆள் யாராவது இருந்தால் எழுது. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. குருசாமி