பள்ளிக்கூடத்துக்கென்று சொன்ன கதவு

சிவமயம்

நெடுங்கேணி
28.9.1980

அன்பு மகன் யோகநாதனுக்கு,

இங்கே நான், அம்மா, மாடுகள் இரண்டு, எல்லோரும் சுகம். அந்த அரபு நாட்டு வெயிலில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும் என்று அம்மா வெள்ளிதோறும் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறாள், நான் துணைக்குப் போய் வாசலில் நின்று கும்பிடுகிறேன். உன் கடிதமும் படமும் கிடைத்தன. தீயணைப்பு வண்டிக்கு முன்னால் தொப்பியோடு நிற்கிற அந்தப் படத்தை அம்மா ஊரெல்லாம் காட்டி முடித்து, இப்போது பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் காட்டுகிறாள். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறாய் என்பது அவள் கட்சி, தொப்பியின் நிழல் என்பது என் கட்சி. உண்மையில் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, நேரத்துக்குச் சாப்பிடு.

மகனே, போன கடிதத்தில் நான் ஒரு பொய் எழுதினேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ போன வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துத் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலுக்கென்று படம் கீறி அனுப்பினாய் அல்லவா, முன்னுக்கு ஒரு கதவு பின்னுக்கு ஒரு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மண் வாளி தொங்க வேண்டும், மாதம் ஒருமுறை மணியடித்துப் பிள்ளைகளை ஓடப் பழக்க வேண்டும் என்று. பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அதை நானே எழுந்து வாசித்து, தலைவர் என்ற மிதப்பில், பின்கதவை நானே தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். முதிரைப் பலகை எடுத்து தச்சன் சிற்றம்பலத்திடம் கொடுத்தேன். அவனுடைய வேகம் உனக்குத் தெரியும், ஆறு மாதம் பின்பக்கம் வெறும் வாசலாகவே கிடந்தது. ஆனாலும் பழக்கம் நடந்தது. ஜெகதீஸ்வரி ரீச்சர் தண்டவாளத் துண்டில் அடித்தவுடன் பெரிய வகுப்பு முன்னாலும் சின்ன வகுப்பு பின்னாலும் ஓடி வேப்பமரத்தடியில் வந்து நிற்கும். வாளி மண்ணைப் பூனை தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது ஒன்றுதான் குறை.

ஆனியில் கதவு செய்து முடிந்த அதே கிழமை, ஆடியில் லீவில் வருகிறேன் என்று உன் கடிதம் வந்தது. உனக்கென்று கட்டிய அறைக்கு அப்போது கதவு இல்லை. மூன்று வருடம் கழித்து வருகிற பிள்ளை கதவில்லாத அறையிலா படுப்பான் என்று நினைத்தேன், வேறு ஒன்றையும் நினைக்கவில்லை. அந்தக் கதவை உன் அறைக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்து வாசலால் ஆடு வருகிறது என்று ரீச்சர் சொன்னபோது, நாலு தடி நட்டுக் குறுக்கே வரிச்சுக் கட்டிக் கிடுகால் மறைத்துவிட்டு, கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். கதவு வரும்வரை பழக்கத்தையும் தள்ளிவைத்தோம். உனக்கு, எல்லாம் நீ சொன்னபடியே முடிந்தது என்று எழுதினேன். பிறகு லீவு கிடைக்கவில்லை என்று எழுதினாய். அன்றைக்கே கதவைக் கழற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். கழற்றினால் நீ வரவே மாட்டாய் என்பதுபோல ஒரு பயம், கை வரவில்லை. அம்மா தினமும் அந்தக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பொன்னையா தன் காணியில் பற்றைக்கு நெருப்பு வைத்தான். நாங்கள் எல்லோரும் மழைக்கு முன் செய்கிறதுதான், ஆனால் சோளகக் காற்று இன்னும் விடவில்லை. பொறி பறந்து கொட்டிலின் முன்பக்கக் கூரையில் விழுந்தது. நான் வயலில் நின்றேன். மணி கேட்டதும், பழக்கத்தைத்தான் தள்ளிவைத்தோமே என்று நினைத்தேன், திரும்பினால் புகை. பெரிய வகுப்பு முன்கதவால் வந்துவிட்டது. சின்ன வகுப்பு பதினான்கு பேரும் பழகின பழக்கத்தில், புகைக்குள்ளே, பின்பக்கம் ஓடியிருக்கிறார்கள். அங்கே என் வரிச்சு. ரீச்சர் கையால் பிய்த்துப் பார்த்திருக்கிறார், நான் எதையும் அரைகுறையாகக் கட்டுகிறவன் இல்லையே. பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டு நின்ற அழகம்மா, எங்கள் வயலுக்குக் களை பிடுங்க வருகிறவள், அரிவாளோடு ஓடிவந்து வெளியில் இருந்து கட்டுகளை அறுத்துத்தான் பிள்ளைகளை இழுத்தெடுத்தாள். அவளுடைய மகள் பேச்சியம்மா கடைசியாக வந்தாள். எரிந்த கிடுகு அவளுடைய இடது கையில் விழுந்துவிட்டது. வயது ஏழு. மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை, கடவுள் காப்பாற்றினார் என்று ஊர் சொல்கிறது, நான் அழகம்மா என்று சொல்கிறேன்.

வவுனியா ஆஸ்பத்திரிக்கு நானும் அம்மாவும் மூன்று தரம் போய்விட்டோம். கையை மடக்க நீட்ட வரும், தழும்பு மட்டும் இருக்கும் என்று டாக்குத்தர் சொன்னார். முதல் தரம் போனபோது பிள்ளை என்னைப் பார்த்து, "வாசல் இருந்த எடத்துக்குத்தானே ஐயா ஓடுனோம்" என்றாள். தான் பிழை செய்துவிட்டேனோ என்று கேட்கிற குரல். நீ சின்னவனாய் இருந்தபோது பானை உடைத்தால் அப்படித்தான் என் முகத்தைப் பார்ப்பாய். நான் வெளியே வந்து விறாந்தையில் இருந்து அழுதேன், மகனே, உனக்கு மறைக்க என்ன இருக்கிறது. அழகம்மாவிடமும் சங்கத்திலும் நடந்ததை என் வாயாலேயே சொன்னேன். பொன்னையா குற்றம் தன்னுடையது என்றான். பொறி அவனுடையது, வாசலை மறைத்தது நான்.

வீட்டுக்கு வந்து சுத்தியலைத் தேடினேன். அம்மா அதை ஏற்கெனவே எடுத்து உன் அறை வாசலில் வைத்திருந்தாள். "கழட்டுங்கோ, அவன் இஞ்ச நிண்டாலும் இதைத்தான் செய்வான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனேன். எரிந்த கொட்டிலை ஊர் கூடி மறுபடி வேய்ந்துவிட்டது, கதவும் ஏறிவிட்டது. பழக்க மணி அடித்த அன்று, சின்ன வகுப்பு ஓடிவந்து அதைத் தள்ளுகிறவரை நான் மூச்சு விடவில்லை.

அம்மா முட்டைமாவும் பனங்கட்டியும் அனுப்ப ஆள் பார்க்கிறாள். சனிக்கிழமையில் தலைக்கு எண்ணெய் வை. நீ நெருப்புக்குள் போகிற ஆள், போகுமுன் வெளியே வருகிற வழியைப் பார்த்து வை, உனக்கே நான் சொல்லித் தருகிறேன் என்று சிரிக்காதே. இந்தக் கடிதத்துக்கு என்னை ஏசியாவது பதில் எழுது. பிள்ளையார் உன்னை நிழல்போல் காக்க வேண்டும், நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

சிற்றம்பலம் உன் அறைக்கு வேறு கதவு செய்கிறேன் என்கிறான், நான் இப்போது வேண்டாம் என்றுவிட்டேன். அம்மா தன் பழைய சேலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். நீ வருகிற அன்று பஸ்ஸால் இறங்கி முதலில் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போ, கதவை உள்ளே இருந்து ஒருதரம் தள்ளிப் பார், வெளிப்பக்கம் திறக்கும். பிறகு வீட்டுக்கு வா. இங்கே தள்ளவும் தட்டவும் ஒன்றும் இல்லை, நேரே உள்ளே வந்துவிடலாம்.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா
க. பரமலிங்கம்